இருட்டைப் பார்க்க எதற்கு ஜன்னல் டேபிள்?

பயணம் போன இடத்தில் பிறந்த நாள் வந்தால், ஊரிலேயே உயரமான, விலை கூடிய, கடல் தெரியும் உணவகத்தில் இரவு எட்டு மணிக்கு ஒரு டேபிள் பிடித்துவிட வேண்டும். இன்று இது விவாதத்துக்கே இடமில்லாத விதியாகிவிட்டது. அப்பாவின் அறுபதாகட்டும், மனைவியின் நாற்பதாகட்டும், மகளின் பதினாறாகட்டும், டிக்கெட் போட்ட மறுநாளே வீட்டில் ஒருவர் ரேட்டிங் வரிசையைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்தமான் என்றால் அவர் விரல் நேராக மரைன் ஹில்லில் போய் நிற்கிறது. போர்ட் பிளேரின் (2024 செப்டம்பரிலிருந்து அரசு இட்ட பெயர் ஸ்ரீ விஜய புரம்) அந்த மேட்டில்தான் சார்லஸ் கொரியா வடிவமைத்த பே ஐலண்ட் ஹோட்டல், மரக்கூரைகளும் திறந்த மேடைகளுமாகக் கடலை நோக்கி அடுக்கடுக்காக இறங்குகிறது. எதிரே ராஸ் தீவு, அந்தப் பக்கம் நார்த் பே. பிறந்த நாள் விருந்துக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்கிறார்கள்.

இந்த விதி தவறு என்பது என் கட்சி. மரைன் ஹில் மோசம் என்று சொல்ல வரவில்லை. அந்த மேட்டுக்கு எந்த நேரத்தில் எதற்காகப் போவது என்பதை இந்த விதி தலைகீழாக்கி வைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய கோளாறு, பிறந்த நாள் யாருடையதோ அவரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

எதிர்க்கட்சிக்கு நல்ல வாதங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் வைத்துவிடுகிறேன். தெரியாத ஊர். கூட வயதானவர்கள், குழந்தைகள். பெரிய ஹோட்டல் என்றால் சமையலறை சுத்தமாக இருக்கும், கழிப்பறையில் தண்ணீர் வரும், மறுநாள் யாருக்கும் வயிறு கெடாது. இரண்டாவது, சாப்பாடு என்பது நாக்கோடு முடிகிற விஷயமல்ல. சூழலும் சேர்ந்துதான் ருசி. மூன்றாவது, ஆயிரக்கணக்கானவர்கள் போய்ப் பார்த்துக் கொடுத்த மதிப்பெண், ஓர் ஆட்டோக்காரரின் வாய்ச்சொல்லைவிட நம்பகமானது. கடைசியாக, ஆண்டுக்கு ஒரு நாள். அன்றைக்குமா காசு பார்ப்பது? இதில் எதுவும் முட்டாள்தனமில்லை. ஒவ்வொன்றும் பாதி உண்மை என்பதால்தான் இந்த விதி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கிறது.

1. எட்டு மணிக்கு எந்தக் கடல்?

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. போர்ட் பிளேர் இருப்பது ஏறத்தாழ 92.7 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் என்று போட்டுப் பாருங்கள்: கடிகாரத்தைவிட வானம் அங்கே நாற்பது நிமிடம் முந்திக்கொண்டு ஓடுகிறது. சென்னை வானத்தோடு ஒப்பிட்டால் ஐம்பது நிமிடம். நவம்பர் கடைசியில் ஐந்து அடிக்கும் முன்பே சூரியன் மறைந்துவிடும். பகல் நீண்ட ஜூன், ஜூலையிலும் ஐந்தே முக்கால் சுமாருக்கே மறைந்துவிடும். வெப்பமண்டலத்தில் அந்தி நீளவும் செய்யாது. ஆறே காலுக்கு மேல் ஆண்டின் எந்த நாளிலும் அங்கே இருட்டுதான்.

ஆக, எட்டு மணிக்குக் கடல் பார்த்த டேபிள் என்று கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு? கறுப்புக்கு. ராஸ் தீவு தெரியாது, நார்த் பே தெரியாது. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த அந்தத் தென்னைகளும் மலையும் கலங்கரை விளக்கமும் கொண்ட காட்சியைக் காட்டுவதாகத்தான் அழைத்துப் போகிறார்கள்; இரவில் தூரத்தில் ஒரு வெளிச்சம் சுழன்று போவது மட்டும் மிஞ்சும். உள்ளே விளக்கு, வெளியே இருட்டு என்றால் கண்ணாடி ஜன்னல் என்ன செய்யும் என்று சொல்லவா வேண்டும்? நம் டேபிளையும் நம் முகத்தையுமே திருப்பிக் காட்டும்.

‘அப்படியானால் ஐந்து மணிக்கே போய் அஸ்தமனம் பார்த்துவிட்டுச் சாப்பிடுவோம்’ என்று ஒருவர் கிளம்புவார். மரைன் ஹில் சரிவு கிழக்கும் வடகிழக்கும் பார்த்தது. சூரியன் மறைவது முதுகுப் பக்கம். அஸ்தமனம் வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் அனுப்புவது தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிடியா தாப்புக்கு. மரைன் ஹில்லின் நேரம் விடிகாலை. ஜூனில் ஐந்து மணிக்கே ராஸ் தீவுப் பக்கம் சூரியன் வந்துவிடுகிறது. காலைக் காபிக்கென்றே அமைந்த ஓர் இடத்தை இரவு விருந்துக்கென்று பரிந்துரைத்துக்கொண்டிருக்கிறோம். பரிந்துரைப்பவர் கடிகாரத்தைப் பார்த்தாரா, வரைபடத்தைப் பார்த்தாரா? இரண்டையும் பார்க்கவில்லை. பகலில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்திருக்கிறார்.

2. சூழலும் ருசிதான். ஆனால் எது சூழல்?

உணவின் சூழல் நாக்கை மாற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் இதை ஆய்வு செய்து காட்டியவர். அதையொட்டி இங்கிலாந்தின் பிரே கிராமத்து ஃபேட் டக் உணவகத்தில் ஹெஸ்டன் புளூமென்தால் 2007-இல் ‘கடலின் ஓசை’ என்றே ஓர் உணவை வைத்தார். சங்குக்குள் ஒளித்த கருவியிலிருந்து அலைச் சத்தம் காதில் விழ, மீன் சாப்பிட வேண்டும். அந்த உணவகம் கடற்கரையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலை செய்தது காது.

மரைன் ஹில்லில் இரவில் மிஞ்சுவதும் காதும் மூக்கும் தோலும்தான்: காற்று, உப்பு வாசம், மழை வருவதற்கு முந்தைய ஈரம். ஏ.சி. அறைக்குள் கண்ணாடி சாத்திய ‘வியூ டேபிள்’ இவை மூன்றையும் அடைத்துவிட்டு, இல்லாத காட்சியை மட்டும் கொடுக்கிறது. சூழல் வாதத்தை நேர்மையாகப் பின்பற்றினால், ஜன்னலோர டேபிளை விட்டுவிட்டுக் காற்று வருகிற திறந்த இடத்தைத்தான் கேட்க வேண்டும். அதிலும் ஒரு சங்கடம். தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மே நடுவில் தொடங்கினால் டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். திறந்த மேடையில் மெழுகுவத்தி விருந்து என்று முன்பணம் கட்டுகிறவர்களில் எத்தனை பேர், மழை வந்தால் உள்ளே எங்கே உட்காரவைப்பீர்கள் என்று கேட்கிறார்கள்?

3. அந்த நேரத்தில் யார் விழித்திருப்பார்?

அந்தமான் பயணத்தின் தினசரியை வைத்து யோசியுங்கள். சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களில் பல விடிகாலையில் கிளம்புபவை. அதைப் பிடிக்க அப்பா இரவு இரண்டு மணிக்கே குளித்துச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டே கால் மணி நேரத்தில் இறங்கி, அறையில் பெட்டியை வைத்து, செல்லுலார் ஜெயிலைச் சுற்றி, இருட்டியதும் அங்கேயே ஒலி-ஒளிக் காட்சியும் பார்த்து வெளியே வந்தால் அவருக்குக் கண் சொருகும். மறுநாள் ஹேவ்லாக் தீவுக்குப் போக விடிகாலைப் படகு. இந்த இரண்டுக்கும் நடுவே எட்டு மணிக்கு நான்கு கட்ட விருந்து! சூப் வரும்போதே கொட்டாவி விடுகிறவரைப் பார்த்து, ‘இவ்வளவு செலவு பண்ணியும் முகத்தில் ஒரு சந்தோஷம் இல்லையே’ என்று மகன் மனதுக்குள் வருத்தப்படுவான். முகத்தில் இருப்பது தூக்கம் தம்பி.

சரிவில் இறங்கும் கட்டடங்களில் படிகள் இருக்கும் என்பதையும், இருட்டில் ஈரப் படியில் முழங்கால் வலிக்காரர் இறங்கி ஏற வேண்டும் என்பதையும் இந்த விதி யோசித்துப் பார்த்ததே இல்லை.

4. சென்னையிலிருந்து வந்த உருளைக்கிழங்கு

என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது இதுதான். விசேஷ விருந்து என்று போய் உட்கார்ந்த பிறகு எதை ஆர்டர் செய்கிறார்கள்? பன்னீர் பட்டர் மசாலா, காளான் மிளகு வறுவல், வெண்ணெய் நான், பிரெஞ்ச் ஃபிரைஸ். தீவுக்கு வேண்டிய உருளைக்கிழங்கும் வெங்காயமும் பெரும்பாலும் சென்னை, கொல்கத்தாத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வருபவை. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் கடல் வழி சுமார் 1,200 கிலோமீட்டர். பயணிகள் கப்பலுக்கே மூன்று நாள் போல ஆகும். அந்த உருளைக்கிழங்கின் பின்னாலேயே விமானத்தில் போய், மேட்டில் ஏறி உட்கார்ந்து, அதையே இரண்டு மடங்கு விலைக்குத் தின்றுவிட்டு வருவதற்குப் பெயர் விசேஷ விருந்து.

தீவில் தீவுடையது எது? மீன். ஜங்கிலிகாட் படகுத்துறையில் இறங்குகிற சூரை, வஞ்சிரம், சங்கரா, சீலா, நண்டு, சிங்கி இறால். இவற்றில் அன்றைக்கு எது வந்திருக்கிறது என்பதுதான் அன்றைய உணவகத்தைத் தீர்மானிக்க வேண்டும். மூன்று வாரம் முன்பு சென்னையில் உட்கார்ந்து டேபிள் பதிவு செய்தவருக்கு அது எப்படித் தெரியும்? நல்ல மீன் வராத நாளில் நல்ல சமையல்காரர் என்ன செய்வார்? ஐஸ் பெட்டியைத் திறப்பார்.

மொழி ஒரு தடையென்று யாரும் சொல்ல முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி தீவு மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். சந்தையில் நின்று ‘அண்ணே, இன்னைக்கு என்ன வந்திருக்கு?’ என்று கேட்டால் பதில் தமிழிலேயே கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. மரைன் ஹில்லிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம் இறங்கினால் அபர்தீன் பஜார். அந்தப் பக்கம் மீனைக் கண்ணெதிரே காட்டி, எடை போட்டு, வறுக்கவா, தணலில் சுடவா, குழம்பா என்று கேட்டுச் சமைக்கிற கடைகள் இருக்கின்றன. சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் நூறு கிராம் என்ன விலை, எடை சமைப்பதற்கு முன்பா பின்பா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ‘சீசன் விலை’ என்று அட்டையில் போட்டிருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். இதில் கூச்சப்படுகிறவர்கள் பிறகு பில்லைப் பார்த்துக் கூச்சப்படுவார்கள்.

சுத்தம் பற்றிய கவலை நியாயமானது, அதை நான் தள்ளவில்லை. ஆனால் சுத்தத்துக்கு அடையாளம் நட்சத்திரமா, ஓட்டமா? கூட்டம் வந்து போய்க்கொண்டிருக்கிற கடையில் மீன் தேங்காது. கறிவேப்பிலை தாளிக்கிற வாசம் வரும் கடையில் ரசம் கேட்டால் கிடைக்கும். வயிறு கெடாமல் இருக்க வயதானவர்களுக்குத் தேவை சூடான, அப்போதே ஆன, பழகிய சாப்பாடு. மூடி திறந்து மூடி திறந்து மூன்று மணி நேரம் நிற்கிற பஃபே வரிசை இந்த மூன்றில் எதைக் கொடுக்கிறது?

5. யாருடைய நாக்குக்கு நாலு புள்ளி மூன்று?

ரேட்டிங் என்பது பெரும்பான்மையின் தீர்ப்பு என்கிறார்கள். எந்தப் பெரும்பான்மை? சுற்றுலா ஊரில் மதிப்பெண் போடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு முறை வந்தவர்கள், இனி வரப்போகாதவர்கள். தேனிலவுக்கு வந்த ஜோடி போட்ட ஐந்து நட்சத்திரம், அறை வாடகையோடு சேர்ந்து கிடைத்த காலைச் சிற்றுண்டிக்கும் அறைக் கதவில் தொங்கிய ரோஜாவுக்கும் சேர்த்துப் போட்டது. அதை வைத்து உங்கள் மாமியாருக்கு அங்கே ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு கிடைக்குமா என்று கண்டுபிடிக்க முடியாது. இணைய மதிப்புரைகளை எப்படித் திரட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தரநிலையே (ஐஎஸ் 19000) கொண்டுவர வேண்டியிருந்தது. போலி மதிப்புரை அவ்வளவு மலிந்திருந்தது. வந்த தரநிலையும் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்கிற வகை.

நட்சத்திரங்களின் மூலக்கதையையும் பார்த்துவிடலாம். மிஷலின் டயர் கம்பெனி 1900-இல் வாகன ஓட்டிகளுக்காக வெளியிட்ட கையேடு, 1926-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மூன்று படிகளானது. இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை விட்டு விலகிப் போகத் தகுந்தது, மூன்று என்றால் அதற்கென்றே பயணம் போகத் தகுந்தது. ஒருவர் எவ்வளவு தூரம் டயர் தேய ஓட்டலாம் என்பதற்கான அளவுகோல் அது. பெயர் சொல்லாமல் வந்து, பில்லைத் தாமே கட்டிச் சாப்பிடுகிற பரிசோதகர்கள் இருந்தும் அது சொல்வது அவ்வளவுதான். உங்கள் அப்பாவுக்குப் பிடிக்குமா என்பது அவர்கள் கேள்வியில் இல்லை. முகம் தெரியாத கூட்டத்தின் சராசரியிடம் அதைப் போய்க் கேட்கிறோம்.

6. சர்ப்ரைஸ்: யாருக்கு?

பிறந்த நாள்காரரிடம் சொல்லாமல் ஏற்பாடு செய்வதுதான் அழகு என்று ஒரு நம்பிக்கை. இதன் விளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். அம்மா நட்சத்திரப்படி பிறந்த நாள் பார்க்கிறவர். அன்றைக்குக் கவுச்சி தொடமாட்டார். நண்டுக்குப் பேர்போன இடத்தில் டேபிள் போட்டாயிற்று. அப்பாவுக்குச் சர்க்கரை, ஒரு கிலோ சாக்லேட் கேக் வந்து நிற்கிறது. அடுத்து, சீருடை போட்ட ஆறு பேர் வட்டமாக நின்று கைதட்டிப் பாடுகிறார்கள். நாற்பது வருடம் அலுவலகத்தில் தன் பிறந்த நாளை யாருக்கும் சொல்லாமலே ஓய்வு பெற்ற மனிதருக்கு அது கொண்டாட்டமா, தண்டனையா? பக்கத்து டேபிள்காரர்களும் கைதட்டும்போது அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் படம்பிடித்து ‘அப்பா ஹேப்பி’ என்று அனுப்புவார்கள். அந்த மாலையில் உண்மையிலேயே கொண்டாடப்பட்டது ஏற்பாடு செய்தவரின் சாமர்த்தியம்.

‘கேட்டால் எதுவானாலும் சரி என்றுதானே சொல்கிறார்?’ ஆமாம், சொல்வார். நம் வீட்டுப் பெரியவர்களிடம் ‘எங்கே போகலாம்?’ என்று கேட்டால் வேறு பதில் வராது. செலவு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். மதியச் சாப்பாடா, ராத்திரியா? மீனா, சைவமா? உட்கார்ந்து பேசவா, சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுக்கவா? ‘காலையில் வெற்றிமலை முருகன் கோயிலில் ஓர் அர்ச்சனை, மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு’ என்று ஓர் அம்மா சொன்னால் போர்ட் பிளேரில் அதற்கும் வழி இருக்கிறது. அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, ‘அதெல்லாம் ஊரிலேயே செய்யலாம்மா’ என்று மரைன் ஹில்லுக்கு வண்டி பிடிக்கிற பிள்ளைகள், யாருடைய பிறந்த நாள் அது என்பதை மறந்தவர்கள்.

7. ஒரு நாள்தானே?

ஒரு நாள்தான். கணக்கும் சின்னதுதான். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகள் உள்ள ஹோட்டலின் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம், தனி உணவகத்தில் 5. ஆறாயிரம் ரூபாய்ச் சாப்பாட்டுக்கு வரி 1,080-ஆ, 300-ஆ என்பது வித்தியாசம். அதற்கு மேல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து வந்தால் அது உங்கள் விருப்பம், கட்டாயமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இலேயே சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பிறந்த நாள் அன்று இதற்கு வாதாடுவதா என்று பலர் பேசாமல் கட்டிவிடுகிறார்கள். விசேஷ நாளில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதை ‘பேக்கேஜ்’ விற்கிறவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். பலூன், மேசைமேல் இதழ்கள், ஒரு கேக், இரண்டு கிளாஸ் பழச்சாறு என்று தனித்தனியாக விலை கேளுங்கள், கூட்டிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

சரி, மரைன் ஹில்லுக்குப் போகவே வேண்டாமா? போங்கள், மூன்றரை மணிக்கு. தேநீர், பஜ்ஜி, கையில் நேரம். ராஸ் தீவு தெரிகிற வெளிச்சத்தில் அந்த மரக்கூரைகளின் கீழ் உட்காருங்கள். 1980-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த கட்டடம், சரிவை வெட்டித் தள்ளாமல் சரிவின் போக்கிலேயே எப்படி இறங்குகிறது என்பதைப் பகலில்தான் பார்க்க முடியும். படம் எடுப்பவர்களுக்கும் அதுவே நேரம். அறை எடுக்காதவர்களுக்கும் காலைச் சிற்றுண்டி உண்டா என்று போனில் கேட்டு, உண்டென்றால் விடிகாலையிலேயே போய்விடுங்கள்; நாலரைக்கே எழுந்துவிடுகிற பெரியவர்கள் அன்றைக்காவது எழுந்ததற்கு ஒரு பலன் காண்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஆறரைக்கே, மேட்டுக்குக் கீழே, அன்றைக்கு வந்த மீனை வைத்து முடித்துவிடலாம்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் பிறந்த நாள்காரரே, ‘எனக்கு அந்த மேட்டில், ராத்திரி எட்டு மணிக்கு, மெழுகுவத்தி வைத்துத்தான் சாப்பிட வேண்டும்’ என்று சொல்கிறாரா? என் ஏழு மறுப்புகளும் அந்த ஒரு வாக்கியத்தின் முன் நிற்காது. அவருக்காக முடிவெடுக்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. போனை எடுத்து டேபிள் சொல்லுங்கள். மழை வந்தால் உள்ளே எங்கே இடம் என்று மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.